கூலிங் இல்லாத கூல் டிரிங்க்ஸ்

அக்னி நட்சத்திர மதியம். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டினால் அது செய்தி இல்லை, தாண்டாவிட்டால்தான் செய்தி. பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு பெட்டிக்கடையில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தேன். கையில் ஆஸ்பத்திரி ஃபைல், இடுப்பில் பிள்ளை என்று ஒரு அம்மா வந்தார்.

“ண்ணா, சின்ன கூல் டிரிங்க்ஸ் ஒண்ணு குடுங்க. கூலிங் வாணாம்.”

“இன்னாம்மா, புள்ளைக்கு சளியா?”

“ஆமாங்ணா, ராத்திரியெல்லாம் இருமிகினே கீது.”

கடைக்காரர் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பவே இல்லை. கீழே கிரேட்டில் இருந்த பாட்டில் ஒன்றை எடுத்துத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். இருமுகிற பிள்ளைக்கு அதைத் தரலாமா என்பது டாக்டரைக் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு வந்தது வேறு கேள்வி. ‘கூல்’ இல்லாத ‘கூல்’ வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் ஒரு நொடிகூட முழிக்காமல் எடுத்துக் கொடுக்கிறார். இருவருக்கும் அதில் முரண்பாடு தெரியவில்லை. ஏன்?

காட்பாடியில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘கூல்’ என்ற இந்தக் குட்டிச் சொல்லை வைத்து அங்கே மூன்று கருத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஸ்லாங் என்றால் கெட்டுப்போன இங்கிலீஷ் என்பது முதலாவது. டிக்‌ஷனரியில் முதலில் போட்டிருப்பதுதான் உண்மையான அர்த்தம் என்பது இரண்டாவது. மூன்றாவது வாட்ஸ்அப்பில் வந்தது: ‘கூல்’ என்பதே நம் ‘குளிர்’ என்ற சொல்லிலிருந்து போனதாம். மூன்றும் தவறு. எப்படித் தவறு என்று பார்த்தால், ஒரு சொல்லுக்குப் பொருள் எப்படி உண்டாகிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

ஒரு சொல், பல வேலை

இங்கிலீஷை விடுங்கள், நம் ‘சூடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். டீ சூடாக இருக்கிறது. மேனேஜர் சூடாகிவிட்டார். சூடு பட்ட பூனை. துப்பாக்கிச் சூடு. சூடு சொரணை இல்லாதவன். இதில் தெர்மாமீட்டர் வைத்து அளக்கக்கூடியது டீ மட்டும்தான். “மேனேஜர் சூடா இருக்காரு” என்றால் யாரும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை.

ஒரே சொல் எந்த இடத்தில் எந்தப் பொருள் தரும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் சொற்களும், பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்பதும் முடிவு செய்கின்றன. இதைத்தான் சூழல் என்கிறோம். சூழலை எடுத்துவிட்டு “கூல் என்றால் என்ன?” என்று மட்டும் கேட்பது, “சூடு என்றால் என்ன?” என்று கேட்பதைப் போலத்தான். எந்தச் சூடு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

ஸ்லாங் என்பது நமக்குப் புதிதல்ல

பள்ளியில் நன்னூலில் ‘குழூஉக்குறி’ என்று ஒன்று படித்திருப்போம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று உதாரணம் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியிருப்போம். நன்னூல் இதைப் பிழை என்று தள்ளவில்லை. ‘தகுதி வழக்கு’ என்று மதிப்பான ஒரு பெயர் கொடுத்து, வழக்கில் ஒரு வகையாகவே சேர்த்துக்கொண்டது.

ஸ்லாங் அதற்கு நெருங்கிய உறவு. வித்தியாசம் இவ்வளவுதான்: குழூஉக்குறியில் ரகசியம் முக்கியம், ஸ்லாங்கில் ‘நான் உங்க ஆள்’ என்று காட்டுவது முக்கியம். ஒரு கூட்டத்துக்குள் தொடங்கி, நெருக்கத்தையும் அந்தக் கூட்டத்தில் தான் ஒருவன் என்பதையும் காட்டுகிற பேச்சுச் சொல் என்று ஸ்லாங்கைப் புரிந்துகொண்டால் போதும். அதில் கெட்ட வார்த்தையும் இருக்கலாம், நல்ல வார்த்தையும் இருக்கலாம்.

வேலூரில் இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் நின்று “ஓ.பி. எங்க?” என்று கேட்டால் புறநோயாளிகள் பிரிவுக்கு வழி காட்டுவார்கள். அதே தெருவில் போகிற காலேஜ் பையன் “ரெண்டு நாளா ஓ.பி. அடிச்சிகினு கீறேன்” என்றால் வேலை செய்யாமல் பொழுதைக் கழிக்கிறான் என்று அர்த்தம். எழுத்து ஒன்று, கூட்டம் வேறு. இரண்டில் எது தப்பு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வெயிலில் இருந்து மனசுக்கு

சரி, ‘கூல்’ எப்படி ‘சூப்பர்’ ஆனது? ஒரே தாவலில் ஆகவில்லை. படிப்படியாக ஆனது, ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருந்தது.

முதல் படி உடம்பு. பழைய ஆங்கிலத்தில் இது ‘கோல்’ என்ற ஒலிப்பில் இருந்தது. ரொம்பச் சூடும் இல்லை, நடுக்குகிற குளிரும் இல்லை, இதமான குளிர்ச்சி என்று பொருள். இன்றும் டிக்‌ஷனரிகள் முதலில் தருவது இந்தப் பொருளைத்தான்.

இரண்டாவது படி கோபம். கோபம் வந்தால் முகம் சிவக்கும், காது சூடாகும், நம் ஊரில் “ரத்தம் கொதிக்குது” என்போம். கோபம் சூடு என்றால், கோபம் இல்லாமல் இருப்பது குளிர்ச்சி. உடம்பில் உணர்கிற ஒன்றை வைத்து உள்ளத்தில் நடப்பதைச் சொல்வதற்கு உருவகம் என்று பெயர். ‘பதற்றமில்லாத’ என்ற இந்தப் பொருள் பழைய ஆங்கிலக் காலத்தின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர், உணர்ச்சிவசப்படாமல் யோசிக்கிற அறிவை ‘கூல் ரீசன்’ என்று எழுதியிருக்கிறார். ஆக, “கூலா இருப்பா” என்பது இன்ஸ்டாகிராம் பிள்ளைகள் கண்டுபிடித்தது அல்ல.

மூன்றாவது படி எனக்கு ரொம்பப் பிடித்தது. பதற வேண்டிய இடத்தில் பதறாதவனைப் பார்த்தால் இரண்டு விதமாகத் தோன்றும். ‘என்ன தைரியம்!’ என்று வியக்கலாம், ‘என்ன திமிர்!’ என்று எரிச்சலும் படலாம். இங்கிலீஷ் ‘கூல்’ இரண்டையும் ஏற்றுக்கொண்டது. கூச்ச நாச்சமில்லாத துணிச்சல் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டுக்குள் ஊன்றிவிட்டது. நம் வீடுகளில் அதிகம் புழங்குவதும் இதுதான்: “ஒம்போது மணி பரீட்சைக்கு ஒம்பதரைக்கு கூலா வந்து நிக்கறான் பாரு.” அப்பா இதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

பணத்தோடு சேர்ந்த ஒரு ‘கூல்’ தனிக் கிளையாக நிற்கிறது. ‘எ கூல் மில்லியன்’ என்றால் குளிர்ந்த பத்து லட்சம் அல்ல, முழுசாகப் பத்து லட்சம். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கு உண்டு. தமிழில் இதற்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் ஒரு சொல் இருக்கிறது: சுளையாக. “சுளையா ஒரு லட்சம் வாங்கிகினு போய்ட்டான்.” பலாச்சுளைக்கும் ரூபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்பதில்லை அல்லவா?

இதுவரை பார்த்தது: உடம்புக் குளிர்ச்சி, பிறகு கோபமின்மை, பிறகு அசராத துணிச்சல். இன்னும் பாராட்டு வரவில்லை.

பாராட்டு எங்கிருந்து வந்தது

அது வந்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து. 1930களில் அவர்கள் பேச்சில் இந்தச் சொல் ‘நேர்த்தியான, ஸ்டைலான’ என்ற சாயலில் எழுத்திலும் பதிவாகிவிட்டது. 1940களின் கடைசியில் ஜாஸ் இசைக்காரர்கள் வழியாக எங்கும் பரவியது. டெனர் சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங் இதைப் பரப்பியவர் என்று சொல்வார்கள்.

ஜாஸில் முதலில் பாராட்டுச் சொல்லாக இருந்தது ‘ஹாட்’தான். லூயி ஆம்ஸ்ட்ராங் 1925-ல் ஆரம்பித்த ரெக்கார்டிங் குழுவுக்குப் பெயரே ‘ஹாட் ஃபைவ்’. வேகம், வியர்வை, கொதிப்பு. கோயில் திருவிழாவில் தவில் தனி உச்சத்துக்குப் போகும்போது கூட்டம் எழுந்து நிற்குமே, அந்த மாதிரி. பிறகு வந்த சிலர் ஆர்ப்பாட்டம் இல்லாமல், இடைவெளி விட்டு, மெல்லிய தொனியில் வாசித்தார்கள். சாமி வீதியுலா முடிந்து திரும்பும்போது நாதஸ்வரத்தில் நீலாம்பரி இழைவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரான டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1949-லும் 1950-லும் பதிவு செய்தவை பின்னர் 1957-ல் ஒரே ஆல்பமாக வந்தபோது, தலைப்பிலேயே ‘கூல்’ இருந்தது. வாசிப்புக்கு வந்த பெயர் வாசிக்கிற ஆளுக்கு ஒட்டியது, அவர் உடைக்கு ஒட்டியது, நடைக்கு ஒட்டியது.

அசராமல் நிற்பது ஏன் அவ்வளவு பெரிய அழகாகப் பட்டது? அன்றாடம் அவமதிக்கப்படுகிற ஒரு சமூகத்தில், எதிராளி எவ்வளவு சீண்டினாலும் முகத்தில் காட்டாமல் நிற்பது தற்காப்பும் கௌரவமும் ஆகிறது என்று விளக்குவோர் உண்டு. ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் என்ற கலை வரலாற்று ஆய்வாளர் இன்னும் பின்னால் போய், மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களிடம் ‘இதுது’ என்று ஒரு கருத்து இருப்பதைக் காட்டினார். அதன் நேர்ப்பொருள் குளிர்ச்சி. நிதானம், பெருந்தன்மை, அழகு எல்லாம் அதற்குள் அடக்கம். கோபத்தைக் காட்டினால் வேலையே போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஸ்லாங் கெட்டுப்போன மொழி என்கிறவர்களை இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிறுத்தி உட்காரவைக்கத் தோன்றுகிறது.

இரண்டாம் டிகாக்‌ஷன்

பாராட்டாக வந்த சொல் எல்லார் வாயிலும் விழுந்தது. விழுந்தால் என்ன ஆகும்? ஃபில்டரில் முதல் தண்ணீருக்கு இறங்குகிற டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்கும். அதே பொடிக்கு இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றினால் நிறம் இருக்கும், வேகம் குறையும். மூன்றாம் தரம் ஊற்றினால் காபி என்று பேர்தான். அதிகம் புழங்கப் புழங்க ஒரு சொல்லின் அழுத்தம் இப்படிக் குறைவதைப் பொருள் வெளிறல் என்று சொல்லலாம்.

‘நீ அசராமல் நின்ற விதம் அழகு’ என்றிருந்தது ‘நன்றாக இருக்கிறது’ என்று ஆகி, பிறகு வெறும் ‘சரி’ என்று ஆகிவிட்டது. “நாளைக்கு ஆறு மணிக்கு வரேன்” என்று மெசேஜ் போட்டால் “கூல்” என்று பதில் வருகிறது. அதில் குளிர்ச்சியும் இல்லை, தைரியமும் இல்லை, ஜாஸும் இல்லை. தலையாட்டல் மட்டுமே.

தமிழில் ‘பயங்கரம்’ என்ற சொல்லுக்கு நடந்ததைப் பாருங்கள். “ஆம்பூர் பிரியாணி பயங்கர டேஸ்ட்டு” என்கிறோம். சாப்பிட்டு யாரும் பயந்ததில்லை. இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் “சோக்கா கீது” என்பார்களே, அந்தச் ‘சோக்கு’ உருதுவில் ‘ஷௌக்’. அங்கே அதற்கு ஆசை, விருப்பம் என்று பொருள். ஆசைப்பட்டு அலங்கரித்துக்கொள்வது சோக்கு ஆனது, அலங்காரம் அழகானது, கடைசியில் நன்றாக இருப்பதெல்லாம் சோக்கா இருக்கிறது என்று ஆகிவிட்டது. நியூயார்க்கில் ‘கூல்’ போன பாதைக்கும் வாணியம்பாடியில் ‘சோக்கு’ போன பாதைக்கும் பெரிய தூரம் இல்லை.

இலக்கணப் புத்தகத்தில் இதற்கெல்லாம் பழைய சாட்சிகள் உண்டு. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம், இன்று மூக்கைப் பொத்த வைப்பது. ‘எண்ணெய்’ என்பது எள்ளின் நெய், ஆனால் எள்ளே இல்லாத தேங்காயிலிருந்தும் எண்ணெய் எடுக்கிறோம், எண்ணெய்க் கிணற்றுக் கச்சாவிலிருந்து பிரிப்பதை மண்ணெண்ணெய் என்கிறோம். கூலிங் இல்லாத கூல் டிரிங்க்ஸுக்கும் எள் இல்லாத எண்ணெய்க்கும் ஒரே சட்டம்தான். சேர்ந்து சேர்ந்து வந்ததில் ‘கூல் டிரிங்க்ஸ்’ ஒரு பண்டத்தின் பெயராக இறுகிவிட்டது. உள்ளே இருந்த ‘கூல்’ தன் வேலையை விட்டுவிட்டது. அதனால்தான் குளிர்ச்சியைக் குறிக்க மறுபடி ‘கூலிங்’ என்று புதிதாக ஒரு ஆளை வேலைக்கு வைக்க வேண்டியிருக்கிறது.

டிக்‌ஷனரி தீர்ப்பு சொல்வதில்லை

கிராமத்தில் வி.ஏ.ஓ. அடங்கல் எழுதுவார். எந்த சர்வே நம்பரில் இந்தப் பசலியில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துப் பதிவு செய்வார். நீங்கள் நிலக்கடலை போட்டிருந்தால் நிலக்கடலை, கேழ்வரகு போட்டிருந்தால் கேழ்வரகு. போன வருஷம் நெல் இருந்தது என்பதற்காக இந்த வருஷக் கடலையைத் தப்பு என்று அவர் சொல்வதில்லை. டிக்‌ஷனரி என்பது ஒரு மொழியின் அடங்கல். பேச்சிலும் எழுத்திலும் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது அதன் வேலை.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அப்படித்தான் உருவானது. சாதாரண வாசகர்கள் படித்த புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளை அடுக்கி, எந்தப் பொருள் எப்போது முதலில் தலைகாட்டுகிறது என்று பார்த்து எழுதினார்கள். முதல் பகுதி 1884-ல் வந்தது, முழுசாக முடிய 1928 ஆகிவிட்டது.

அதில் பொருள்கள் வரலாற்று வரிசையில் வரும். மூத்தது முன்னால், இளையது பின்னால். ஆனால் மாணவர்களுக்கான அகராதிகள் பலவும் இன்று அதிகம் புழங்குவதை முன்னால் போடும். ஆக ‘ஒன்று’ என்று எண் போட்டிருப்பது வயதையும் காட்டலாம், புழக்கத்தையும் காட்டலாம். உண்மை, பொய் என்பதைக் காட்டாது. மூத்த மகன்தான் நிஜமான மகன், மற்றவர்கள் சும்மா என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா?

அகராதியில் ‘இன்ஃபார்மல்’, ‘ஸ்லாங்’ என்று சாய்வெழுத்தில் போட்டிருப்பதைப் பலர் எச்சரிக்கைப் பலகை போல எடுத்துக்கொள்கிறார்கள். அது உடுப்பு பற்றிய குறிப்பு, அவ்வளவுதான். லுங்கி கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போகலாம், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகும்போது வேட்டியோ பேண்ட்டோ போட்டுக்கொள்கிறோம். லுங்கி மேல் எந்தக் குற்றமும் இல்லை.

சுருக்கமாக: பழக்கம் முன்னால் போகிறது, அகராதி பின்னால் வருகிறது. ‘ஸ்லாங்’ என்ற குறிப்பு இடத்தைச் சொல்கிறது, தரத்தைச் சொல்லவில்லை.

‘குளிர்’தான் ‘கூல்’ ஆனதா?

இனி அந்த வாட்ஸ்அப் மெசேஜ். குளிர், கூல். ‘சில்லுனு’ என்கிறோம், அவர்கள் ‘சில்’ என்கிறார்கள். ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போகும்போது உறவு இல்லாமல் இருக்குமா என்று கேட்கத்தான் தோன்றும். என் வகுப்பில் இதைச் சொன்ன பையனின் முகத்தில் இருந்த பெருமையை உடைக்க எனக்கே மனசு வரவில்லை. ஆனால் உறவு இல்லை.

இரண்டு சொல்லுக்கு உறவு உண்டா என்று பார்க்க, இன்றைய முகத்தைப் பார்க்கக் கூடாது. பிள்ளைக் காலத்து போட்டோவைப் பார்க்க வேண்டும். கூல், கோல்ட், சில் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த வேரின் தொடக்கத்தில் இருந்த ஒலி ‘க’ அல்ல, காந்தி என்கிறோமே அந்த அழுத்தமான ‘க’. இங்கிலீஷ், ஜெர்மன் முதலான மொழிகளின் தாய்மொழியில் அந்த அழுத்தமான ஒலி வல்லின ‘க’ ஆக மாறியது. லத்தீனில் மாறவில்லை, பின்னாளில்தான் அது ‘ஜ’ ஆக இளகியது. அதனால் லத்தீன் பக்கத்திலிருந்து வந்த ஜெல்லி, ஜெலட்டின் எல்லாம் கூலுக்குப் பங்காளிகள். உறைவது, குளிர்வது என்பதுதான் குடும்பத் தொழில்.

ஒரு சொல்லில் மட்டும் இப்படி நடந்திருந்தால் நம்ப வேண்டாம். வரிசையாக நடந்திருக்கிறது. ‘ட’கரத்தைப் பாருங்கள்: பல் டாக்டர் போர்டில் ‘டெண்டல்’ என்று இருக்கும், அது லத்தீன் வழி வந்தது. இங்கிலீஷின் சொந்தச் சொல் ‘டூத்’. அழுத்தமான ஒலி வல்லினமாகிவிட்டது. லத்தீனில் இரண்டு ‘துவோ’, இங்கிலீஷில் ‘டூ’, அங்கேயும் அதே மாற்றம். இப்படி ஒரு மொழிக்குள் ஒரு ஒலி, ஒரே திசையில், சொல்லுக்குச் சொல் மாறுவதை ஒலிமாற்ற விதி என்கிறார்கள். இந்த விதியை 1822-ல் ஒழுங்குபடுத்தி எழுதியவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்தாரே, அதே கிரிம்தான்.

ஆக, பின்னோக்கிப் போகப் போக ‘கூல்’ நம் ‘குளிர்’ என்ற சொல்லைவிட்டு விலகிப் போகிறது. உறவு இருந்தால் நெருங்கி வந்திருக்க வேண்டும். இன்றைய ஒற்றுமை தற்செயல்.

இவ்வளவு பொருந்துவது தற்செயலா என்று இன்னும் சந்தேகம் இருந்தால் ஆம்பூர் வரை போனால் போதும். உருது பேசுகிறவர்கள் ‘பத்மாஷ்’ என்று திட்டுவார்கள். அந்தப் ‘பத்’ பாரசீகச் சொல், கெட்ட என்று பொருள். இங்கிலீஷில் ‘பேட்’ என்றாலும் கெட்ட. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்கள் இல்லாமல் இல்லை. கட்டுமரம் ‘கேடமரன்’ ஆனது, சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது, மிளகுத்தண்ணி ‘முல்லிகட்டானி’ என்ற சூப் ஆனது. அவை போன வழியில் காலடித் தடம் இருக்கிறது. பொருள் கப்பலேறியது, பேர் கூடவே ஏறியது. குளிர்ச்சியைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டிய நிலைமை என்றைக்கும் வந்ததில்லை, அதுவும் வேலூரிலிருந்து!

இன்னொன்றும் கேட்பார்கள், கூழுக்கும் கூலுக்கும் என்ன என்று. ஒன்றுமில்லை. எங்கள் ஆயா வாயில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. வாழைப்பழம் அவருக்கு ‘வாயப்பயம்’, கூழ் ‘கூயி’.

நம் ஊருக்கு வந்த பிறகு

கடன் வாங்கிய சொல் வாங்கிய வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். ‘கூலிங் கிளாஸ்’ என்கிறோம், கண்ணாடி எதையும் குளிர்விப்பதில்லை, வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. இங்கிலாந்தில் கேட்டால் ‘சன்கிளாஸ்’ என்பார்கள். காந்தி ரோடு பக்கம் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்கள் கடையில் ‘கோல்ட் டிரிங்க்’ என்று கேட்பார்கள், நம் கடைக்காரர் “கூல் டிரிங்க்ஸா?” என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வார். ஒரே பாட்டில், வடக்கே கோல்ட், தெற்கே கூல்.

இதைவிடச் சுவையான மாற்றம் ‘கூல் பண்ணு’ என்பதில் நடந்திருக்கிறது. “அம்மா கோவமா கீது, போய் கூல் பண்ணு” என்கிறான் அண்ணன். இங்கே கூல் பண்ணுவது என்றால் தாஜா செய்து, வேண்டியதைக் கொடுத்து, சமாதானப்படுத்துவது. இங்கிலீஷ் ‘கூல்’ தன் கோபத்தைத் தானே அடக்குவது. நம்முடையது அடுத்தவர் கோபத்தை நாம் ஆற்றுவது. இந்தப் பழக்கம் ‘கூல்’ சொல்லோடு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும், ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், எல்லாம் ஆத்தா மனம் குளிர வேண்டும் என்பதற்காக. கோபக்காரியைக் குளிர வைப்பது நமக்குப் பழைய வேலை. அந்த வேலைக்கு இங்கிலீஷ் சட்டை போட்டுவிட்டோம்.

இங்கேதான் இரண்டு மொழியும் முட்டிக்கொள்ளும் இடம். தமிழில் குளிர்ச்சி நிறைவு: கண் குளிரப் பார்த்தேன், காது குளிரக் கேட்டேன், வயிறு குளிர்ந்தது. விளக்கைக்கூட ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்கிற வீடுகள் உண்டு. இங்கிலீஷில் நிறைவும் பாசமும் சூட்டின் பக்கம்: ‘வார்ம் வெல்கம்’. பனி கொட்டுகிற ஊரில் கணப்பு அடுப்பு சொர்க்கம், நம் ஊரில் மண்பானைத் தண்ணீர் சொர்க்கம் என்பதால் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதில் நானே விழுந்திருக்கிறேன். இருபத்து மூன்று வயதில் முதல் வேலை, வெளியூரில் ஒரு வாரம் டிரெயினிங். அந்த ஊர்க்காரர்கள் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துப்போய் நன்றாகக் கவனித்தார்கள். திரும்பி வந்ததும் இங்கிலீஷில் நன்றிக் கடிதம் எழுதினேன். “உள்ளம் குளிர வரவேற்றீர்கள்” என்பதை மனசில் வைத்துக்கொண்டு, ‘யுவர் கூல் வெல்கம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, தபாலில் சேர்த்தேன். இங்கிலீஷில் ‘கூல் வெல்கம்’ என்றால் ஏனோதானோ வரவேற்பு, முகம் கொடுக்காத வரவேற்பு. ஒரு வாரம் கழித்து அங்கிருந்து போன். “ஏன் தம்பி, எங்க பக்கம் எதாவது குறை இருந்துச்சா?” என்று பெரியவர் நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். எனக்கு என்ன தப்பு என்று புரியவே பத்து நிமிஷம் ஆனது.

அந்த ஜெராக்ஸ் இன்னும் இருக்கிறது. ‘கூல்’ பாடம் எடுக்கிற அன்றைக்கு வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். போன பேட்சில் ஒரு பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள், “சார், இன்னிக்கு யாருக்காவது இத அனுப்பினா ‘கூல், தேங்க்ஸ்’னு ரிப்ளை வந்திருக்கும்.”